புல்லிலிருந்து எரிபொருள்: ஒரு நொதித்தற் கைத்தொழிலின் வரலாறு

பற்றீரியாக்களைக் கொண்டு தாவரப் பொருளைத் திரவ எரிபொருளாக்கும் முயற்சி அண்மைக்காலத்தது எனப் பலர் கருதுவர். உண்மையில் அதன் கைத்தொழில் வரலாறு முதலாம் உலக மகாயுத்தத்திலேயே வேர்கொண்டது. அன்று வேண்டப்பட்டது எரிபொருளன்று, வெடிமருந்து.

மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் உயிரிரசாயனவியல் கற்பித்த கெயிம் வைஸ்மன், செயற்கை இறப்பருக்கு வேண்டிய பியூற்றனோலைத் தேடியே இவ்வாராய்ச்சியில் இறங்கினார். மாப்பொருளை நொதிக்கச் செய்து அசற்றோன், பியூற்றனோல், எதனோல் ஆகியவற்றை ஏறத்தாழ 3:6:1 என்ற விகிதத்தில் தரும் பற்றீரியத்தை அவர் பிரித்தெடுத்தார். யுத்தம் மூண்டதும் கோடைற்று என்னும் வெடிமருந்தை ஆக்க அசற்றோன் இன்றியமையாததாயிற்று. சோளம் ஏற்றிவந்த கப்பல்களை நீர்மூழ்கிகள் அச்சுறுத்தவே, 1917 இல் பிரித்தானியச் சிறுவர்கள் உண்ணத்தகாத குதிரைக் கஷ்கொட்டைக் காய்களைப் பொறுக்கி அனுப்பினர். பயன் சொற்பமே. எனினும் உணவுத் தானியத்தை நொதிகலத்தில் இடலாமா என்ற வினா அன்றே எழுந்துவிட்டமை மனங்கொள்ளத்தக்கது.

யுத்தத்தின் பின் மோட்டார் வண்டிகளின் மெருகுப்பூச்சுக்குப் பியூற்றனோல் வேண்டப்பட்டதால் தொழில் தழைத்தது. ஆயின் பற்றீரியத்துக்குத் தான் ஆக்கும் பியூற்றனோலே நஞ்சு. கரைசலில் அது நூற்றுக்கு இரண்டு வீதத்தை எட்டுவதும் அரிது. அதனை நீரினின்று வடித்தெடுப்பதிலேயே வெப்பம் பெரிதும் செலவாகும். இரண்டாம் மகாயுத்தத்தின் பின் பெற்றோலியத்திலிருந்து இப்பொருள்கள் மலிவாகக் கிடைக்க, மேலைநாட்டு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

1973 இல் எண்ணெய் விலை ஏறியதும் தானியமல்லாத தாவரப் பொருளின்மேல் பார்வை திரும்பியது. புல்லில் வெல்லம் இல்லாமலில்லை. செலுலோசாகவும் அரைச்செலுலோசாகவும் பின்னிக் கிடக்கும் அதனை இலிக்னின் இறுகப் பிணித்துள்ளது. பசுவின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அப்பிணைப்பைச் சாவதானமாகத் தளர்த்துகின்றன. ஆலைக்கோ அமிலமும் அமுக்கமும் வெப்பமும் வேண்டும். 1926 இல் விவரிக்கப்பட்ட குளொஸ்றிடியம் தேர்மோசெலம் ஏறத்தாழ 60 பாகை வெப்பநிலையில் செலுலோசைத் தானே உடைத்து எதனோல் தரும். ஆனால் அரைச்செலுலோசிலுள்ள ஐங்காபன் வெல்லங்களை அது தீண்டுவதில்லை. இத்தடையைக் கடக்கப் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் லோனி இன்கிரம் குழுவினர் வேறொரு வழி கண்டனர். சைமோமோனாசு பற்றீரியத்தின் பரம்பரையலகுகளை 1987 அளவில் ஈ. கோலியிற் புகுத்தி, இருவகை வெல்லங்களையும் எதனோலாக்கினர். இதற்கு 1991 இல் கிடைத்தது அமெரிக்காவின் ஐம்பது இலட்சமாவது ஆக்கவுரிமையாகும்.

ஆய்வுகூடத்தில் வென்றது வயலில் இடறியது. 2015 இல் டூபொன் நிறுவனம் அயோவா மாநிலத்து நெவாடா நகரில், ஆண்டுக்கு 3 கோடி கலன் எதனோல் ஆக்கவல்ல ஆலையைத் திறந்தது. சோளத்தட்டையே மூலப்பொருள்; சோளமும் புற்குடும்பத்ததே. ஓராண்டுக்கு வேண்டிய தட்டையை அறுவடைக்காலச் சில வாரங்களுக்குள் கட்டிக் குவிக்க வேண்டியிருந்தது. 2017 இல் ஆலையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. 2018 இல் அதனை வாங்கிய செருமானிய நிறுவனமொன்று, அதே தட்டையைக் காற்றின்றி மக்கவிட்டு மெதேன் வாயு பெறும் ஆலையாக மாற்றியது. அங்கே தொழிற்படுவது தனியொரு பற்றீரியமன்று. பசுவின் வயிற்றிற் போலவே பலவகை நுண்ணுயிர்களின் கூட்டம்.