ஒரு வண்டிப் பாதை, இரண்டு நூதனசாலைகள்

"அமெரிக்காவுக்கு என்ன வரலாறு இருக்கிறது சேர், வெறும் 250 வருடம்தானே?" என்று உயர்தர வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. கடந்த வருடம் விடுமுறையில் மச்சானோடு ஒரிகன் மாநிலத்தில் ஒரே பாதையைப் பற்றிய இரண்டு நூதனசாலைகளைப் பார்த்து வந்த பிறகு, அந்தக் கேள்விக்கு இப்போது கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பதிவு நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் பாதை. அதன் பெயர் ஒரிகன் பாதை. மிசூரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரிலிருந்து மேற்கே ஒரிகன் சிட்டி வரை, ஏறத்தாழ 2,000 மைல், அதாவது 3,200 கிலோ மீற்றர். 1840களிலிருந்து 1860கள் வரை இந்தப் பாதையிலும் இதிலிருந்து பிரிந்து கலிபோர்னியாவுக்கும் யூட்டாவுக்கும் போன பாதைகளிலும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் மாட்டு வண்டிகளோடு போனார்கள். 1837இல் அமெரிக்காவில் பெரிய பொருளாதார நெருக்கடி. பயிருக்கு விலை இல்லை. மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கில் மலேரியா. மேற்கே நல்ல மண் சும்மா கிடைக்கிறது என்ற செய்தி வேறு. 1843இல் ஒரே தடவையில் சுமார் ஆயிரம் பேர் கிளம்பினார்கள். அதன் பிறகு அது வருடாந்த ஓட்டமாகிவிட்டது.

பேக்கர் சிட்டி என்ற சிறு நகருக்கு வெளியே, ஃப்ளாக்ஸ்டாஃப் ஹில் என்ற குன்றின் மேல் முதலாவது நூதனசாலை இருக்கிறது. 1992இல் திறக்கப்பட்டது. அமெரிக்க மத்திய அரசின் காணி நிர்வாகத் திணைக்களம் அதை நடத்துகிறது. உள்ளே ஆட்களும் மாடுகளும் வண்டிகளும் உண்மை அளவில் ஊர்வலம் போவது போல நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. வெளியே குன்றிலிருந்து கீழே இறங்கினால், புதர்க்காட்டுக்கு நடுவே அந்த வண்டிச் சக்கரங்கள் பதித்த தடம் இன்றும் தெரிகிறது. நூற்றி எழுபது, எண்பது வருடத்துக்கு முந்திய தடம்.

சினிமாவில் பார்த்துப் பழகிய நமக்கு அங்கே பல விடயங்கள் தலைகீழாக இருக்கும்.

வண்டி பெரியது என்று நினைப்போம். இல்லை. பெட்டியின் அகலம் சுமார் நாலு அடி, நீளம் பத்துப் பன்னிரண்டு அடி. மேலே மழை இறங்காமல் எண்ணெய் பூசிய துணிக் கூடாரம். ஒரு குடும்பத்தின் ஆறு மாத வாழ்க்கை இதற்குள் அடங்க வேண்டும். அந்தக் காலத்தில் அச்சான வழிகாட்டிப் புத்தகங்கள் ஒரு பெரிய ஆளுக்கு 200 இறாத்தல் மா, 150 இறாத்தல் உப்பிட்ட பன்றி இறைச்சி, 20 இறாத்தல் சீனி, 10 இறாத்தல் கோப்பி, 10 இறாத்தல் உப்பு என்று கணக்குச் சொன்னன. நாலு பேர் என்றால் பெருக்கிப் பாருங்கள். சாமான் ஏற்றியதும் மனிதர் ஏற இடமில்லை. ஆகவே குழந்தைகளும் நோயாளிகளும் தவிர எல்லாரும் நடந்தார்கள். 3,200 கிலோ மீற்றரையும் நடந்தார்கள்.

குதிரை இழுத்தது என்று நினைப்போம். பெரும்பாலும் காளைகள்தான் இழுத்தன. காளை மெதுவாகப் போகும், ஆனால் வழியிலுள்ள புல்லைத் தின்று தாக்குப் பிடிக்கும். விலையும் குறைவு. நுகத்தில் பூட்டிய காளைக்குக் கடிவாளம் தேவையில்லை. ஓட்டுபவர் இடப்பக்கமாக நடந்து குரல் கொடுத்தால் போதும். நாளொன்றுக்குச் சுமார் 15 மைல்.

காலக் கணக்கும் இந்தக் காளையை வைத்துத்தான். ஏப்ரலுக்கு முன் கிளம்பினால் புல் முளைத்திருக்காது, மாடு செத்துவிடும். பிந்தினால் மேற்கு மலைகளில் பனி விழுந்துவிடும். 1846இல் கலிபோர்னியாவுக்குக் குறுக்கு வழி என்று நம்பிப் போய்ப் பிந்திய டொனர் குழுவினர் பனியில் அகப்பட்டார்கள். 87 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர்தான் பிழைத்தார்கள்.

பூர்வகுடிகள் அம்பு எய்ய, வண்டிகள் வட்டமாக நிற்பது சினிமாவின் நிரந்தரக் காட்சி. வண்டிகளை வட்டமாக நிறுத்தியது உண்மை. ஆனால் பெரும்பாலும் அது இரவில் மாடுகள் ஓடிவிடாமல் அடைத்து வைக்கும் பட்டி. ஜோன் அன்ரூ என்ற வரலாற்றாசிரியர் நாட்குறிப்புகளையும் பத்திரிகைகளையும் ஆராய்ந்து ஒரு கணக்குச் சொன்னார். 1840 முதல் 1860 வரையான இருபது வருடத்தில் பூர்வகுடிகளால் கொல்லப்பட்ட பயணிகள் 362 பேர். பயணிகளால் கொல்லப்பட்ட பூர்வகுடிகள் 426 பேர். பயணத்தில் இறந்தவர்களோ பல ஆயிரம். நூற்றுக்கு நாலு என்பவரும் உண்டு, பத்து என்பவரும் உண்டு. அதிகம் கொன்றது வாந்திபேதி. ஒரே தங்குமிடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் அடுத்தடுத்துத் தங்கி, அதே தண்ணீரைக் குடித்ததால் வந்தது. மிச்சம் ஆற்றில் மூழ்கியவர்கள், சக்கரத்தில் அகப்பட்டவர்கள், தங்கள் துப்பாக்கியே தவறி வெடித்துச் செத்தவர்கள். இறந்தவர்களைச் சில வேளை பாதையின் நடுவிலேயே புதைத்து, மேலே வண்டிகளை ஓட்டினார்கள். மண் இறுகி, விலங்குகள் தோண்டாமல் இருப்பதற்காக.

இதில் ஒரு குடும்பத்தின் கதையை மட்டும் சொல்கிறேன். சேகர் குடும்பம், 1844. தாய், தகப்பன், ஆறு பிள்ளைகள். வழியில் ஏழாவது பிள்ளையும் பிறந்தது. ஒன்பது வயது கேத்தரின் வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்து, சக்கரம் ஏறிக் கால் முறிந்தது. பிறகு தகப்பன் காய்ச்சலில் இறந்தார். சில வாரத்தில் தாயும் இறந்தார். கூட வந்தவர்கள் ஏழு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்துக் கொண்டுபோய், இன்றைய வொஷிங்டன் மாநிலத்தில் மிஷன் நடத்திய மார்க்கஸ் விட்மன், நார்சிசா தம்பதியிடம் ஒப்படைத்தார்கள். அவர்களுடைய ஒரே மகள் முன்னரே ஆற்றில் மூழ்கி இறந்திருந்தாள். அவர்கள் ஏழு பேரையும் ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தக் கதையின் மறுபாதி இரண்டாவது நூதனசாலையில் இருக்கிறது.

பேக்கர் சிட்டியிலிருந்து சுமார் 150 கிலோ மீற்றர் வடமேற்கே, நீல மலைகளைத் தாண்டினால் பெண்டில்டன் என்ற ஊர். அதன் பக்கத்தில் உமட்டில்லா பூர்வகுடி ஒதுக்கு நிலம். காயூஸ், உமட்டில்லா, வல்லா வல்லா என்ற மூன்று மக்களுடையது. அங்கே 1998இல் அவர்களே தாமாஸ்ட்ஸ்லிக்ட் என்ற பெயரில் ஒரு நூதனசாலையைத் திறந்தார்கள். அதற்கு மூன்று பகுதிகள்: நாங்கள் இருந்தோம், நாங்கள் இருக்கிறோம், நாங்கள் இருப்போம். குன்றின் மேலுள்ள நூதனசாலை வண்டியில் வந்தவர்களோடு நம்மை நடக்க வைக்கிறது. இது, வண்டிகள் வருவதைப் பார்த்துக் கொண்டிருந்தவர்களின் பக்கத்தில் நம்மை நிற்க வைக்கிறது.

1843இல் வந்த அந்த ஆயிரம் பேரும் நீல மலைகளைக் கடக்க வழிகாட்டியவர் ஸ்டிக்கஸ் என்ற காயூஸ் மனிதர். களைத்து வந்தவர்களுக்கு உருளைக்கிழங்கும் சோளமும் விற்றவர்களும் காயூஸ் மக்கள்தான். அவர்கள் குதிரை வளர்ப்பில் பேர் போனவர்கள். அமெரிக்க மேற்கில் குட்டையான குதிரைக்கே காயூஸ் என்று பெயர் வந்துவிட்டது. வந்தவர்கள் கடந்து போகும் வரை பிரச்சினை பெரிதாகவில்லை. ஆனால் வருடா வருடம் எண்ணிக்கை கூடியது. மேய்ச்சல் நிலம் குறைந்தது. விட்மனின் மிஷன் தங்களுக்கானதா, வண்டிக்காரர்களுக்கானதா என்ற சந்தேகம் வளர்ந்தது.

1847இல் சின்னமுத்து வந்தது. வெள்ளைப் பிள்ளைகள் பலர் தேறினார்கள், ஏனெனில் அவர்களுடைய பரம்பரைக்கு அந்த நோய் பழக்கம். காயூஸ் மக்களின் உடலுக்கு அது புதிது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. விட்மன் வைத்தியரும் கூட. ஒரே வைத்தியர் மருந்து கொடுக்க, அவர்கள் பிள்ளைகள் எழும்பி நடக்கிறார்கள், நம் பிள்ளைகள் சாகிறார்கள். அவர் நஞ்சு கொடுக்கிறார் என்ற பேச்சுப் பரவியது. நோயாளிகள் தொடர்ந்து இறந்தால் வைத்தியரே உயிரால் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்பது அவர்களுடைய பழைய வழக்கம். 1847 நவம்பர் 29ஆம் திகதி மிஷன் தாக்கப்பட்டது. விட்மன் தம்பதி உட்பட 13 பேர் கொல்லப்பட்டார்கள். தாய் தகப்பனை வழியில் இழந்த சேகர் பையன்கள் இருவரும் அதில் அடக்கம். அந்த நாட்களிலேயே அவர்களுடைய ஒரு தங்கை சின்னமுத்தில் இறந்தாள். கால் முறிந்த கேத்தரின் பிழைத்து, வளர்ந்த பின் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்.

அடுத்து யுத்தம். 1850 ஜூன் 3ஆம் திகதி ஐந்து காயூஸ் மனிதர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். எங்கே தெரியுமா? ஒரிகன் சிட்டியில். வண்டிக்காரர்கள் கண்ட கனவின் கடைசித் தரிப்பிடமாகிய அதே ஊரில். அவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பது இன்றும் தெரியவில்லை. அவர்களுடைய சந்ததிகள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். 1855இல் ஓர் ஒப்பந்தம் மூலம் மூன்று மக்களும் 64 இலட்சம் ஏக்கர் காணியை விட்டுக்கொடுத்தார்கள். இன்று அவர்களுடைய ஒதுக்கு நிலம் சுமார் 172,000 ஏக்கர்.

கொலையை நியாயப்படுத்த இதை எழுதவில்லை. கொல்லப்பட்ட சேகர் பையன்கள் எந்தக் காணியையும் பறிக்கவில்லை. சின்னமுத்தில் இறந்த காயூஸ் பிள்ளைகள் எந்த வண்டியையும் மறிக்கவில்லை. இரண்டு பக்கப் பிள்ளைகளையும் ஒன்றாக எண்ணாமல் இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது என்பதே நான் சொல்ல வருவது.

இனி, "சும்மா கிடைத்த காணி" யாருக்குக் கிடைத்தது? 1850இல் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டு, அதுவரை ஒரிகனில் குடியேறியிருந்த வெள்ளை ஆணுக்கு 320 ஏக்கர், மணமுடித்திருந்தால் மனைவி பெயரில் இன்னொரு 320 ஏக்கர் கொடுத்தது. ஒப்பந்தம் 1855இல்தான். அதாவது உரிமையாளர்களிடம் கேட்பதற்கு ஐந்து வருடம் முன்பே காணி பங்கிடப்பட்டது. கறுப்பினத்தவருக்கோ ஒரிகன் 1844இலேயே கதவை மூடியது. அடிமை முறையைத் தடை செய்த அதே சட்டம், கறுப்பினத்தவர் குடியிருக்கவும் தடை போட்டது.

அந்த வருடம் வண்டியில் வந்தவர்களில் ஜோர்ஜ் புஷ் என்ற கறுப்பினத்தவரும் ஒருவர். வசதியானவர், கூட வந்த ஏழைக் குடும்பங்களுக்கு உதவியவர். சட்டத்தைக் கேள்விப்பட்டதும் அவரும் அவருடைய வெள்ளைக்கார நண்பர்களும் சேர்ந்தே கொலம்பியா ஆற்றுக்கு வடக்கே போய்க் குடியேறினார்கள். அந்தச் சட்டத்தின் கை அங்கே எட்டவில்லை. பிறகு அந்தப் பகுதிக்கும் அமெரிக்கச் சட்டம் வந்தது. உணவுப் பஞ்ச காலத்தில் அயலவர்களுக்குத் தானியம் கொடுத்த அந்த மனிதருக்குச் சொந்தக் காணியில் உரிமை இல்லாமல் போனது. அயலவர்கள் மனுக் கொடுத்தார்கள். 1855இல் காங்கிரஸ் அவருக்கென்றே தனிச் சட்டம் போட்டுக் காணியை உறுதிப்படுத்தியது. ஒரிகனின் அரசியலமைப்பிலிருந்து கறுப்பினத்தவர் மீதான தடை நீங்கியது 1926இல்.

கடைசியாக எஸ்ரா மீக்கர். 1852இல் இளைஞனாக மனைவியோடும் கைக்குழந்தையோடும் இந்தப் பாதையில் வந்தவர். 1869இல் கண்டம் கடக்கும் ரயில் பாதை வந்ததும் வண்டித் தடங்கள் மறக்கப்பட்டன, உழப்பட்டன. 1906இல், 75 வயதில், மீக்கர் மறுபடி காளை வண்டி பூட்டி, வந்த வழியே கிழக்கு நோக்கிக் கிளம்பினார். ஊர் ஊராக நின்று, மக்களிடம் பேசி, பாதையோரம் நினைவுக் கற்கள் நட வைத்தார். வொஷிங்டன் வரை போய் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டையும் சந்தித்தார். பின்னர் காரிலும், 1924இல் விமானத்திலும் அதே வழியில் போனார். 97 வயதில் காலமானார். இந்தப் பாதை நினைவில் நின்றதற்கு அந்தக் கிழவரின் பிடிவாதம் ஒரு பெரிய காரணம்.

வண்டிக்காரர்களுக்கு ஒரு மீக்கர் கிடைத்து, கற்கள் நடப்பட்டன. காயூஸ் மக்கள் தங்கள் நூதனசாலையைத் தாங்களே கட்ட 1998 வரை காத்திருந்தார்கள். கற்களில் பொய் எழுதியிருக்கவில்லை. ஆனால் கல் நட ஆள் இருந்தவர்களின் கதை மட்டும்தான் அவற்றில் இருந்தது.

ஆகவே என் சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை எந்த நூதனசாலைக்குக் கூட்டிப் போனாலும், காட்சிப் பொருளின் பெயரையும் ஆண்டையும் கொப்பியில் எழுத வைப்பதோடு விட்டுவிடாதீர்கள். இரண்டு கேள்விகளையும் கொடுத்து அனுப்புங்கள். இதை இங்கே வைத்தது யார்? இதே சம்பவத்தை வேறு யார் பார்த்துக் கொண்டிருந்தார்கள்? விடை அந்தக் கட்டடத்துக்குள் கிடைக்காமல் போகலாம். பரவாயில்லை. 150 கிலோ மீற்றர் தள்ளி இன்னொரு கட்டடத்தில் இருக்கலாம். யாரோ ஒரு மூதாட்டியின் நினைவிலும் இருக்கலாம். தேடிப் போகும் பழக்கம் வந்தால் போதும்.

நீங்கள் பார்த்த நூதனசாலைகளில் இந்த இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்த இடம் ஏதும் இருந்தால் கீழே எழுதுங்கள். அடுத்த தவணையில் பிள்ளைகளோடு பேச எனக்கு உதவியாக இருக்கும்.