கேட்டதற்குப் பதில் தந்த விளம்பரம், கேட்டவரையே பின்தொடர்ந்த வரலாறு

விளம்பரம் என்றாலே தொல்லை என்று முகம் சுளிப்பவர்கள்கூட, ஒரு தேவை வந்துவிட்டால் விளம்பரத்தைத்தான் தேடுகிறார்கள். வீட்டுக் குழாய் உடைந்தால் பழுது பார்ப்பவர் வேண்டும். பிள்ளை கணிதத்தில் தடுமாறினால் டியூஷன் ஆசிரியர் வேண்டும். வாடகைக்கு அறை, பழைய கார், கல்யாணத்துக்குச் சமையல்காரர் என எத்தனையோ தேவைகளுக்கு நாளிதழ்களின் சிறு விளம்பரங்கள் பல தலைமுறைகளாகக் கைகொடுத்து வந்துள்ளன.

இன்று அந்த வேலையைப் பெருமளவு இணையம் செய்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நாளிதழில் வாசகர் விளம்பரத்தைப் பார்க்கிறார். இணையத்திலோ விளம்பரமும் வாசகரைத் திரும்பிப் பார்க்கிறது. பயனுள்ள ஒரு வசதி எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதை அறிய, முப்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

முதல் பேனர்

1994 அக்டோபர் 27ஆம் தேதி அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 'ஹாட்வயர்ட்' என்ற இணைய இதழ் வெளிவந்தது. அதன் பக்கங்களில் நீள்சதுர வடிவில் சில விளம்பரங்கள் இடம்பெற்றன. பேனர் விளம்பரம் என்ற வகையே அன்றுதான் பரவலாக அறிமுகமானது. அவற்றுள் புகழ்பெற்றது ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரம். அதைப் பார்த்தவர்களில் 44 விழுக்காட்டினர் அதன்மீது சொடுக்கியதாகச் சொல்லப்படுகிறது. பின்னாளில் பேனர் விளம்பரங்களை நூற்றுக்கு ஒருவர்கூடச் சொடுக்காத நிலை வந்தது என்பதோடு ஒப்பிட்டால் இதன் வியப்பு புரியும்.

அந்த விளம்பரத்தைச் சொடுக்கியவர்கள் எதையாவது வாங்கும்படி வற்புறுத்தப்படவில்லை. உலகின் அருங்காட்சியகங்களை இணையத்தில் சுற்றிப் பார்க்கும் வழி அவர்களுக்குக் காட்டப்பட்டது. விளம்பரமும் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் இந்தத் துறை பிறந்தது.

குக்கி என்ற சீட்டு

அதே 1994ஆம் ஆண்டில் இன்னொன்றும் பிறந்தது. அப்போது இணையத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒருவர் ஓர் இணையக் கடையில் சட்டை ஒன்றைத் தேர்வு செய்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், கடை அவரைப் புதியவராகவே பார்க்கும். இதற்குத் தீர்வு கண்டவர் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் இளம் பொறியாளர் லூ மொன்டூலி. கோயில் வாசலில் செருப்பைக் கொடுத்ததும் ஓர் எண் சீட்டு தருவார்களே, அதுபோல இணையத்தளம் தன்னிடம் வரும் கணினிக்கு ஒரு சிறு குறிப்பைக் கொடுத்து வைக்கும். மறுமுறை வரும்போது அந்தச் சீட்டைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளும். இதற்குத்தான் குக்கி என்று பெயர்.

ஒவ்வொரு கணினிக்கும் நிரந்தரமாக ஓர் எண் கொடுத்துவிடலாம் என்ற யோசனையும் அப்போது இருந்தது. அப்படிச் செய்தால் ஒருவர் போகுமிடமெல்லாம் கண்காணிக்க முடியும் என்பதால் மொன்டூலி அதைத் தவிர்த்தார். ஒரு கடை தந்த சீட்டை இன்னொரு கடை படிக்க முடியாதபடி குக்கியை வடிவமைத்தார்.

ஆனால் ஓர் இடைவெளி இருந்தது. ஒரு பக்கத்தில் தோன்றும் விளம்பரப் படம் பெரும்பாலும் அந்தத் தளத்திலிருந்து வருவதில்லை. விளம்பர நிறுவனத்தின் கணினியிலிருந்து வருகிறது. படத்தோடு அந்த நிறுவனத்தின் சீட்டும் வந்துவிடும். ஆயிரம் தளங்களில் ஒரே நிறுவனத்தின் விளம்பரம் இருந்தால், ஆயிரம் கடை வாசலிலும் ஒரே ஆள் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரைக் குறித்துக்கொள்வதற்குச் சமம்.

இந்த ஆபத்து அப்போதே உணரப்பட்டது. இணையத் தர விதிகளை வகுக்கும் பொறியாளர் குழு 1997 பிப்ரவரியில் வெளியிட்ட ஆவணம், இத்தகைய மூன்றாம் தரப்புக் குக்கிகளைப் பயனீட்டாளர் விரும்பினாலன்றி அனுமதிக்கக் கூடாது என்றது. முன்னணி உலாவிகளான நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் அதைப் பின்பற்றவில்லை. விளம்பர வருமானம் அதற்குள் பலருக்கு வாழ்வாதாரமாகிவிட்டது.

பெயரோடு சேர்ந்த குறிப்பு

இந்தக் குறிப்புகளைச் சேர்த்துப் பெரிதாக வளர்ந்தது நியூயார்க்கின் டபுள்கிளிக் நிறுவனம். ஆனால் அதனிடம் இருந்தவை எண்கள்தாம், பெயர்கள் அல்ல. 1999 ஜூனில் அது அபாகஸ் டைரக்ட் என்ற நிறுவனத்தை ஒரு பில்லியன் டாலருக்கும் மேற்பட்ட மதிப்பில் வாங்கப் போவதாக அறிவித்தது. 80 மில்லியனுக்கும் மேற்பட்ட அமெரிக்கக் குடும்பங்கள் அஞ்சல்வழி விற்பனைப் பட்டியல்களைப் பார்த்து வாங்கிய பொருள்களின் விவரம் அபாகஸிடம் பெயர், முகவரியோடு இருந்தது. இரண்டையும் இணைத்தால், இணையத்தில் உலவும் எண்ணுக்கு ஒரு முகமும் முகவரியும் கிடைத்துவிடும்.

எதிர்ப்பு வெடித்தது. வழக்குகள் தொடரப்பட்டன. அமெரிக்கக் கூட்டரசு வாணிப ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. 2000 மார்ச் மாதம் தலைமை நிர்வாகி கெவின் ஓ'கானர், அது ஒரு தவறு என்று ஒப்புக்கொண்டு திட்டத்தை நிறுத்தி வைத்தார். மக்கள் குரல் எழுப்பினால் நிறுவனங்கள் பின்வாங்கும் என்பதற்கு இணைய வரலாற்றில் கிடைத்த ஒரு பெரிய சான்று இது.

தேடியவருக்குக் கிடைத்த விடை

அதே காலத்தில் வேறொரு பாதையும் திறந்தது. 1998இல் பில் கிராஸ் தொடங்கிய கோடூ டாட் காம், தேடல் சொல்லுக்கே விளம்பரத்தை விற்றது. ஒருவர் சொடுக்கினால் மட்டுமே விளம்பரதாரர் பணம் கட்டினால் போதும். 2000 அக்டோபரில் கூகிள் நிறுவனம் 350 விளம்பரதாரர்களோடு தன் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. விளம்பர வருமானத்தை நம்பும் தேடல் தளங்கள் பாரபட்சமாக நடக்கக்கூடும் என்று அதன் நிறுவனர்களே 1998இல் தங்கள் ஆய்வுக் கட்டுரையில் எச்சரித்திருந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

2002இல் கூகிள் ஒரு முக்கிய மாற்றம் செய்தது. அதிகப் பணம் கொடுப்பவருக்கு மட்டும் முதலிடம் என்பதை ஏற்காமல், எத்தனை பேர் சொடுக்குகிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்தது. மக்களுக்குப் பயன்படாத விளம்பரம் கீழே இறங்கியது. விளம்பரத் தொழிலில் ஒரு பழைய பேச்சு உண்டு: செலவிடும் பணத்தில் பாதி வீண், எந்தப் பாதி என்றுதான் தெரிவதில்லை. அந்தக் கவலைக்கு இங்கே மருந்து கிடைத்தது. பெரிய தொகை இல்லாத சிறு வியாபாரியும் தன் பொருளைத் தேடுகிறவரை எட்ட முடிந்தது. 2003இல் வந்த ஆட்சென்ஸ் திட்டம், பக்கத்தில் உள்ள செய்திக்குப் பொருத்தமான விளம்பரத்தைச் சிறிய தளங்களுக்கும் கொண்டு சேர்த்தது. 2018 பிப்ரவரியில் தமிழ் மொழித் தளங்களுக்கும் அந்த வாய்ப்பு வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. குழாய் பழுதுபார்ப்பவரைத் தேடுகிறவருக்கு அதற்கான விளம்பரத்தைக் காட்ட, அவர் யார் என்று தெரிய வேண்டியதில்லை. அவர் கேட்ட கேள்வியே போதும்.

இரண்டு பாதைகளும் சேர்ந்தன

2007 ஏப்ரலில் கூகிள், டபுள்கிளிக்கை 3.1 பில்லியன் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. மறு ஆண்டு மார்ச்சில் அது நிறைவேறியது. கேள்விக்குப் பதில் தந்த நிறுவனமும் கேட்டவரைப் பின்தொடர்ந்த நிறுவனமும் ஒரே கூரையின் கீழ் வந்தன. டபுள்கிளிக் குறிப்புகளைப் பயனீட்டாளரின் பெயரோடு அவர் சம்மதமின்றி இணைப்பதில்லை என்ற வாசகம் கூகிளின் கொள்கையில் சில ஆண்டுகள் இருந்தது. 2016 ஜூனில் அது மாற்றப்பட்டது. 2000இல் மக்கள் எதிர்த்து நிறுத்திய ஒன்று, பதினாறு ஆண்டுகள் கழித்து அதிக ஓசையில்லாமல் நடந்தேறியது.

ஃபேஸ்புக் 2007 நவம்பரில் கொண்டுவந்த 'பீக்கன்' திட்டம், பயனீட்டாளர்கள் மற்றத் தளங்களில் வாங்கிய பொருள்களை அவர்களின் நண்பர்களுக்கு அறிவித்தது. மனைவிக்குத் தெரியாமல் கிறிஸ்துமஸ் பரிசாக மோதிரம் வாங்கிய ஒருவரின் ரகசியம், அவர் கொடுப்பதற்கு முன்பே மனைவி உட்பட எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வழக்கு நடந்து, 2009இல் அந்தத் திட்டம் மூடப்பட்டது.

காட்டப்படாத விளம்பரம்

இவற்றைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. 2016 அக்டோபரில் புரோபப்ளிக்கா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. ஃபேஸ்புக்கில் வீட்டு விளம்பரம் கொடுப்பவர்கள், குறிப்பிட்ட இனத்தாரோடு தொடர்புடையவர்கள் என்று வகைப்படுத்தப்பட்டவர்களுக்கு அது தெரியாதபடி விலக்க முடிந்தது. 2019 மார்ச்சில் ஏற்பட்ட உடன்பாட்டில், வீடு, வேலை, கடன் விளம்பரங்களில் வயது, பாலினம், வட்டாரம் பார்த்துக் குறிவைப்பதை நிறுத்த ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது.

வாடகை வீட்டு விளம்பரங்களில் 'இன்ன இனத்தவர் மட்டும்' என்ற வாசகம் மலேசிய, சிங்கப்பூர் இந்தியர்களுக்குப் புதிதல்ல. அது மனத்தைப் புண்படுத்துகிறது. ஆனால் அச்சில் வந்ததால் அதைச் சுட்டிக்காட்டிக் கேள்வி கேட்க முடிகிறது. கண்ணுக்கே வராத விளம்பரத்தைப் பற்றி யார் புகார் செய்வது? தனக்கு மறுக்கப்பட்டது என்பதே ஒருவருக்குத் தெரியாது.

சட்டங்களின் நிலை

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. நேரடி விற்பனை விளம்பரத்துக்குத் தம் விவரங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுத்து மூலம் நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் உரிமை அதில் உண்டு. சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற வழி செய்கிறது. 2024 பிப்ரவரியில் முழுமையாக நடப்புக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்னிலக்கச் சேவைகள் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. சிறுவர்களின் விவரங்களைத் திரட்டிக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதை அது தடை செய்கிறது. இனம், சமயம், உடல்நலம் போன்றவற்றை அடிப்படையாகக் கொண்டு குறிவைக்கவும் தடை உண்டு.

ஒரு சிறிய கேள்விக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை 2021 காட்டியது. ஆப்பிள் நிறுவனம், ஒரு செயலி பயனீட்டாளரைப் பின்தொடர வேண்டுமானால் முதலில் அனுமதி கேட்க வேண்டும் என்று அந்த ஆண்டு ஏப்ரலில் விதித்தது. இதனால் 2022இல் சுமார் 10 பில்லியன் டாலர் வருமானம் குறையலாம் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனம் மெட்டா கூறியது. மாறாக, மூன்றாம் தரப்புக் குக்கிகளை இரண்டு ஆண்டுகளில் நீக்குவதாக 2020இல் சொன்ன கூகிள், பலமுறை தள்ளிப்போட்டு 2024 ஜூலையில் அந்த எண்ணத்தைக் கைவிட்டது.

விளம்பரமே வேண்டாம் என்பது தீர்வாகாது. இலவசமாகக் கிடைக்கும் தேடலுக்கும் மின்னஞ்சலுக்கும் செய்திக்கும் படியளப்பது அதுதான். ஆனால் ஒரு செயலியோ தளமோ 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை நீட்டும்போது, அது கேட்கும் விவரத்துக்கும் செய்யப்போகும் வேலைக்கும் தொடர்பு உண்டா என்று பார்ப்பது நல்லது. கைவிளக்குச் செயலிக்குத் தொலைபேசிப் பட்டியல் எதற்கு? குடும்பத்தில் கைப்பேசி வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்பது, இன்றைய பெற்றோரின் கடமைகளில் ஒன்றாகிவிட்டது.