அம்மைப்பாலும் ஐஸ் பெட்டியும்

தடுப்பு மருந்துக்கு வெப்பம் பகை என்பது, குளிர்சாதனப் பெட்டி வருவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே மருத்துவர்களுக்குத் தெரிந்துவிட்டது. எட்வர்ட் ஜென்னர் 1796இல் இங்கிலாந்தில் முதல் அம்மை குத்தியபோது, பால்காரப் பெண்ணின் கையில் இருந்த மாட்டம்மைக் கொப்புளத்தின் நீர் நேராகச் சிறுவனின் கைக்குப் போனது. அம்மைப்பால் எனப்பட்ட அந்த நீரைத் தொலைவூர்களுக்கு அனுப்ப வேண்டி வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. நூலில் தோய்த்து உலர்த்தினார்கள். கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து அடைத்தார்கள். ஐரோப்பாவுக்குள் இந்த முறைகள் ஓரளவு பலித்தன. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, வெப்பக் கடல்களில் மாதக்கணக்காக மிதந்து இந்தியா வந்த அம்மைப்பாலோ வீரியமிழந்தே வந்து சேர்ந்தது.

கடல் கைவிட்டதைத் தரைவழி சாதித்தது. வியன்னா மருத்துவர் ழான் டி காரோ, அம்மைப்பாலில் நனைத்த பஞ்சுத் துணியைக் கண்ணாடிகளுக்கிடையே வைத்து, மெழுகு பூசி பாக்தாதுக்கு அனுப்பினார். அங்கே அது ஆட்களுக்குக் குத்தப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டது. பிறகு பஸ்ரா வழியாக பம்பாயை அடைந்தது. 1802 ஜூன் 14 அன்று அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மை குத்தியது பலித்தது. அந்தக் கொப்புளத்திலிருந்து அடுத்த கை, அதிலிருந்து அடுத்த கை என்று அதே ஆண்டில் சென்னைக்கும் இலங்கைக்கும் அம்மைப்பால் போய்ச் சேர்ந்தது.

ஸ்பெயின் இதே உத்தியை ஓர் அரசுப் பயணமாகவே நடத்தியது. 1803 நவம்பர் 30 அன்று லா கொருன்யா துறைமுகத்திலிருந்து பால்மிஸ் என்ற மருத்துவரின் தலைமையில் கிளம்பிய கப்பலில் 22 ஆதரவற்ற சிறுவர்கள் இருந்தார்கள். முன்னவர்களின் கொப்புளம் முற்றியதும் அடுத்தவர்களுக்குக் குத்தி, அட்லாண்டிக் கடலைத் தாண்டும்வரை அம்மைப்பாலை உயிரோடு வைத்திருந்தார்கள். மனித உடலைவிட நம்பகமான கலம் அன்று வேறில்லை. வரலாற்று நூல்கள் இப்பயணத்தைப் பெரும் கருணைச் செயல் என்று புகழ்கின்றன. கலமாக ஆக்கப்பட்ட பிள்ளைகளின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை என்பதையும் அதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

கையிலிருந்து கைக்கு மாற்றும் முறைக்குக் கொடுத்த விலையும் பெரிது. 1861இல் இத்தாலியின் ரிவால்டா ஊரில் இந்த வழியாகக் குழந்தைகளுக்கு மேகநோய் தொற்றியது. இந்தியாவில் தம் பிள்ளையின் புண்ணைக் கீறி நீர் எடுக்கத் தாய்மார்கள் மறுத்தார்கள். யார் வீட்டுக் குழந்தையின் நீர் யார் கையில் ஏறுவது என்ற சாதிக் கேள்வியும் எழுந்தது. ஆகவே கன்றுக்குட்டியின் தோலில் அம்மைப்பாலை வளர்க்கும் முறைக்கு மாறினார்கள். அப்படி எடுத்த பால் வெயிலில் கெட்டுவிடும் என்பதால், வட இந்தியாவில் அம்மை குத்துவது பெரும்பாலும் குளிர்கால வேலையாகவே இருந்தது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஜி. கிங், ஆட்டு ரோமக் கொழுப்பான லானோலினில் அம்மைப்பாலைக் குழைத்துப் பாதுகாக்க முயன்றார். லண்டனில் கோப்மன் என்ற மருத்துவர் கிளிசரினைக் கலந்து, அம்மைப்பாலில் சேர்ந்திருந்த பாக்டீரியாக்களை அழித்துக் காட்டினார். கிண்டியில் அம்மைப்பால் தயாரிக்க 1899இல் நிறுவப்பட்ட நிலையத்துக்கு கிங்கின் பெயரே வைக்கப்பட்டது.

வெப்பத்தை உண்மையில் வென்றது ஈரத்தை நீக்கும் முறை. லண்டன் லிஸ்டர் நிறுவனத்தின் லெஸ்லி காலியர், அம்மைப்பாலை உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்தும் நம்பகமான முறையை 1950களில் வகுத்தார். அந்தப் பொடி 37 டிகிரி செல்சியஸிலும் மாதக்கணக்கில் கெடாமல் இருந்தது. சோவியத் ஒன்றியம் அதை இந்தியாவுக்குப் பெருமளவில் நன்கொடையாக அளித்தது. கிண்டியிலும் தயாரிப்பு தொடங்கியது. களப்பணியாளர்கள் பனிக்கட்டி இல்லாமலே கிராமம் கிராமமாக நடந்தார்கள். இயற்கையாகத் தொற்றிய கடைசிப் பெரியம்மை 1977 அக்டோபரில் சோமாலியாவில் பதிவானது.

அந்த வெற்றியால் ஒரு குறையும் நேர்ந்தது. அடுத்து வந்த மருந்துகள் பெரியம்மைப் பொடியைப் போல வெயிலைத் தாங்குபவை அல்ல. அவற்றைக் குளிர்ச்சியோடு கிராமம்வரை கொண்டுபோகும் ஏற்பாடோ பல நாடுகளில் இல்லை. தட்டம்மை, போலியோ, முத்தடுப்பு மருந்துகளை உலகெங்கும் கொண்டுசெல்லும் திட்டத்தை உலக சுகாதார நிறுவனம் 1974இல் தொடங்கியது. இந்தியா 1978இல் அதில் இறங்கி, 1985இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமாக அதை விரித்தது. 2 முதல் 8 டிகிரி என்ற விதி ஆரம்ப சுகாதார நிலையங்களின் அன்றாடப் பாடமானது. மேலே திறக்கும் ஐ.எல்.ஆர். என்ற குளிர்பதனப் பெட்டிகள் வந்தன; சுவருக்குள் உறைந்த நீர் இருப்பதால் நாளுக்கு எட்டு மணி நேரம் மின்சாரம் வந்தாலே போதும், மூடியைத் திறந்தாலும் கனத்த குளிர்காற்று வழிந்தோடாது. மின்வெட்டோடு வாழ்ந்த நாடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறு கிடைத்திருக்காது. அங்கிருந்து நான்கு ஐஸ் பேக்குகள் அடுக்கிய கேரியரில் கிராம சுகாதார செவிலியர் மருந்தை எடுத்துப் போவார்; தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள்.

மருந்து வழியில் சூடேறியதா என்று குப்பியைப் பார்த்துச் சொல்ல முடியாத நிலை 1996இல் மாறியது. போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் வெளிறிய சதுரமும் கொண்ட சிறு அடையாளம் ஒட்டப்பட்டது. பட்ட வெப்பம் சேரச் சேரச் சதுரம் கருக்கும். வட்டத்தின் நிறத்தை எட்டினால் குப்பியைக் கழிக்க வேண்டும். காலாவதித் தேதி ஆலையில் அச்சாவது. இந்தச் சதுரமோ களத்தில் நடந்ததைக் காட்டியது. முடிவெடுக்கும் உரிமை செவிலியர் கைக்கு வந்தது இதனால்தான்.

ஆனால் அந்தச் சதுரம் உறைதலைக் காட்டாது. முத்தடுப்பு, ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் மருந்துகளில் அலுமினிய உப்பு உண்டு. உறைந்தால் அது திரண்டு, மருந்து வீரியமிழக்கும். வெயிலுக்குப் பயந்து வளர்ந்த ஏற்பாட்டில் இந்த ஆபத்து வெகுகாலம் போதிய கவனம் பெறவில்லை. டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே கேரியரில் அடுக்குவது கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது. உண்மையில் மருந்து அங்கேதான் உறைந்தது. இப்போதைய பயிற்சியில் ஐஸ் பேக்கை வெளியே வைத்து, அது வியர்த்து, ஆட்டினால் உள்ளே நீர் சலசலக்கும் வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். உறைந்ததாகச் சந்தேகம் வந்தால், குப்பியைக் குலுக்கி வைத்து, உறையவைத்துக் கரைத்த இன்னொரு குப்பியோடு ஒப்பிட்டு, வண்டல் படியும் வேகத்தைப் பார்ப்பார்கள்.

குளிர்விதியைத் தளர்த்தும் முயற்சியும் தொடங்கிவிட்டது. புனேயில் தயாரான மெனாஃப்ரிவேக் என்ற மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை 40 டிகிரி வரை நான்கு நாள் குளிரின்றி வைத்திருக்கலாம் என 2012இல் அனுமதி கிடைத்து, அதே ஆண்டு பெனின் நாட்டில் அப்படியே பயன்படுத்தினார்கள். 2015இல் கினியில் சோதிக்கப்பட்ட எபோலா தடுப்பூசிக்கோ மைனஸ் 60 டிகிரிக்கும் கீழான குளிர் தேவைப்பட்டது. இந்தியாவில் அதே காலத்தில் தொடங்கிய ஈ-வின் ஏற்பாட்டில், கிடங்குப் பெட்டிகளின் வெப்பநிலை எல்லை மீறினால் பொறுப்பாளரின் கைபேசிக்கு எச்சரிக்கை போகும்.