வாழை மட்டையில் வெள்ளைப் பேப்பர் செய்யலாமா? கம்பம் பள்ளத்தாக்கில் சிக்கல் எங்கே?

தேனி மாவட்டம் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பகுதி வாழைத் தோட்டங்களில் தார் வெட்டி லாரியில் ஏற்றியதும் விவசாயிக்கு இன்னொரு வேலை காத்திருக்கும். ஒருமுறை குலை தள்ளிய மரம் மறுபடி தள்ளாது. அதை வெட்டி அப்புறப்படுத்த கூலி தனி. வீணாகப் போகும் இந்த மட்டையில் பேப்பர் செய்ய முடியாதா?

முடியும். வாழை மட்டையில் நல்ல நார் இருக்கிறது. வாழையின் பங்காளிச் செடியான பிலிப்பைன்ஸ் நாட்டு அபாகாவின் நார்தான் டீ பேக் தாளுக்குப் போகிறது. ஜப்பான் கரன்சி நோட்டுத் தாளிலும் சேர்கிறது.

கூழ் ஆவது எப்படி?

மட்டையை நறுக்கி, சாறு பிழிந்து, காஸ்டிக் சோடா கரைசலில் சூட்டிலும் அழுத்தத்திலும் வேக வைப்பார்கள். நார்களை ஒட்டி வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் கரைந்து கறுப்புத் திரவமாக வெளியேறும். மிஞ்சுவது பழுப்பு நிறக் கூழ். அதாவது, பேப்பருக்கான கூழ் இங்கேயே ரெடி. வெள்ளையாக்கத்தான் பிளீச்சிங்.

முன்பு இதற்கு குளோரின் வாயுவையே நேரடியாகப் பயன்படுத்தினார்கள். அது மிச்சமிருக்கும் லிக்னினோடு சேர்ந்து டயாக்சின் போன்ற நச்சுகளை உண்டாக்கியது. இப்போது பெரிய ஆலைகள் குளோரின் டை ஆக்சைடுக்கு மாறிவிட்டன. ஆக்சிஜன், ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டும் வெளுக்கலாம்.

கரூரில் முடிந்தது...

விவசாயக் கழிவில் பேப்பர் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1979-ல் தமிழக அரசு தொடங்கிய டிஎன்பிஎல், கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்தே வளர்ந்தது. சர்க்கரை ஆலைகள் சக்கையைத் தாங்களே கொதிகலனில் எரித்துக்கொண்டிருந்தன. அதற்குப் பதிலாக எரிபொருள் தருகிறோம், சக்கையைக் கொடுங்கள் என்ற பண்டமாற்றுதான் கைகொடுத்தது. கறுப்புத் திரவத்தைச் சுண்டவைத்து எரித்து, நீராவியும் எடுத்து, சோடாவையும் மீட்கும் வசதி அங்கே இருக்கிறது. இந்த வசதி இல்லாத சிறு ஆலை என்றால் அத்தனையும் கழிவுநீர்தான்.

கம்பத்தில் ஏன் கஷ்டம்?

கரும்புச் சக்கை ஆலை வாசலிலேயே மலையாகக் குவியும். வாழை மட்டையோ தோட்டம் தோட்டமாகச் சிதறிக் கிடக்கும். அதுவும் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 10 டன் லோடு ஏற்றினால் காய்ந்த சரக்கு சுமார் ஒரு டன். வேகவைத்த பிறகு கூழாகத் தேறுவது அதில் பாதி. கம்பத்திலிருந்து காகிதபுரம் சுமார் 200 கிலோமீட்டர். லாரி வாடகை கொடுத்துத் தண்ணீரைக் கொண்டு போன கதைதான்!

அப்போ உள்ளூரிலேயே ஆலை போட்டால்? அங்கேதான் பெரிய கேள்வி. முல்லைப் பெரியாறு தண்ணீரில் விளையும் பள்ளத்தாக்கு இது. இந்த ஆறு தேனி அருகே வைகையில் சேர்ந்து, 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணைக்குப் போகிறது. மதுரை மாநகருக்குக் குடிநீர் தருவது அந்த அணை. பிளீச்சிங் கழிவு ஆற்றில் கலந்தால் பாதிப்பு கம்பத்தோடு நிற்காது.

வெள்ளை வேண்டாம் என்றால் கணக்கு மாறுகிறது. வெளுக்காத பழுப்புக் கூழில் கைத்தாள், பைல் அட்டை, கேரி பேக் செய்யலாம். வேகவைக்கும் சோடா நீரைச் சுத்திகரிக்கும் செலவு அப்போதும் உண்டு. பிளீச்சிங் செலவும் அதன் கழிவும் மட்டும் மிச்சம். கூழே வேண்டாம், நாராக விற்கலாம் என்பவர்களுக்கு மட்டையிலிருந்து நார் உரிக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் இதுபற்றிக் கேட்கலாம்.