குறுஞ்செய்தியும் குரல்செய்தியும்

கைப்பேசி வழியே எழுத்தையோ பேச்சையோ அனுப்பிவைத்து, பெறுபவர் தமக்கு வாய்த்த நேரத்தில் படிக்கவோ கேட்கவோ வழிசெய்யும் தொழில்நுட்பங்கள். எழுத்து வடிவம் எஸ்.எம்.எஸ். எனப்படும் குறுஞ்செய்தி. குரல் வடிவம் முதலில் வாய்ஸ்மெயிலாக வந்து, பின்னர் வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் இன்றைய உருவத்தைப் பெற்றது.

தோற்றம்

1980களின் நடுவில் ஐரோப்பிய நாடுகள் கூடி ஜி.எஸ்.எம். என்ற பொதுவான கைப்பேசி முறையை வகுத்தபோது, ஜெர்மனியின் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்டும் பிரான்சின் பெர்னார் கிலேபேரும் குறுஞ்செய்திக்கு வடிவம் கொடுத்தனர். அழைப்புகளை இணைப்பதற்காக வலையமைப்புக்குள் ஓடும் சமிக்ஞைத் தடம் பெரும்பாலான நேரம் சும்மா கிடந்தது. அந்த இடைவெளியில் எழுத்தை அனுப்பினால் தனிச் செலவில்லை என்பதே திட்டம். ஆனால் அந்தத் தடத்தில் இடம் குறைவு. 160 எழுத்து போதுமா என்று பார்க்க, 1985இல் பான் நகரில் ஹில்லெபிராண்ட் தட்டச்சுப் பொறியில் மனம்போன வாக்கியங்களை அடித்து, எழுத்து, நிறுத்தக்குறி, இடைவெளி எல்லாவற்றையும் எண்ணினார். அநேகமாக எல்லாமே 160க்குள் அடங்கின. அஞ்சலட்டைகளிலும் டெலக்ஸ் செய்திகளிலும் மக்கள் எழுதும் அளவும் அதை ஒட்டியே இருந்தது. அவர் எண்ணியவை ரோமன் எழுத்துகள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தமிழுக்கு நேர்ந்த இடர்ப்பாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் 22 வயதுப் பொறியாளர் நீல் பாப்வொர்த், வோடஃபோன் அதிகாரி ரிச்சர்ட் ஜார்விசுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். அதுவே முதல் குறுஞ்செய்தி. கணினியில் அடித்து அனுப்பியது. பெற்ற ஆர்பிடெல் கைப்பேசியிலிருந்து பதில் எழுத வழியில்லை.

இயங்கும் விதம்

அனுப்பிய செய்தி நேராகப் பெறுபவரிடம் போவதில்லை. முதலில் குறுஞ்செய்தி மையத்தைச் சேர்கிறது. அந்த மையத்தின் எண் சிம் அட்டையிலேயே பதிந்திருக்கும். பெறுபவர் இப்போது எந்தப் பகுதியில் இருக்கிறார் என்று மையம் அவருடைய நிறுவனத்தின் பதிவேட்டைக் கேட்டறிந்து, அங்கே செய்தியை அனுப்புகிறது. கைப்பேசி அணைந்திருந்தால் செய்தியை வைத்துக்கொண்டு, அது மறுபடி உயிர்பெற்றதும் சேர்க்கிறது. ஒரு நொடி சிக்னல் கிடைத்தாலும் போதும் என்பதால், பேச்சு அறுந்து அறுந்து போகும் இடத்திலும் குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்துவிடும். பேசிக்கொண்டிருக்கும்போதே செய்தி வந்து விழுவதும் தடம் வேறு என்பதால்தான்.

தமிழும் எழுபது இடமும்

ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட், அதாவது 1,120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்று வைத்ததால் 160 கிடைத்தது. தமிழை அனுப்ப ஒருங்குறி தேவை. அதில் ஒவ்வொரு குறியெண்ணும் 16 பிட் கேட்கும். 1,120ஐ 16ஆல் வகுத்தால் 70.

அந்த 70 கூட முழுதாகக் கைக்கு வருவதில்லை. அகர உயிர்மெய்யும் உயிரும் ஓரிடம் பிடிக்கும்; புள்ளி வைத்த மெய்யும் பிற உயிர்மெய்களும் ஈரிடம் பிடிக்கும். ‘வணக்கம்’ ஐந்தெழுத்து, ஆனால் ஏழு இடம். ‘மகிழ்ச்சி’யும் ஐந்தெழுத்து, ஒன்பது இடம். ஆங்கிலச் செய்திக்கு நடுவில் ஒரே ஒரு தமிழெழுத்து நுழைந்தாலும் செய்தி முழுவதும் 16 பிட்டுக்கு மாறிவிடும். 70ஐத் தாண்டினால் துண்டுகளாகப் பிரியும். துண்டுகளைச் சேர்த்துக் காட்டும் தகவலும் இடம் பிடிப்பதால் ஒவ்வொன்றிலும் 67தான் மிஞ்சும். மொத்தமாகச் செய்தி அனுப்பும் பள்ளிக்கும் வங்கிக்கும் துண்டுக்கு ஒரு கட்டணம். தமிழ்நாட்டு வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்திலேயே செய்தி வந்துகொண்டிருந்ததற்கு அலட்சியம் மட்டுமல்ல, இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

தமிழர் கண்ட குறுக்குவழி ரோமன் எழுத்தில் தமிழ். அதில் பல்லியும் பள்ளியும் ஒரே எழுத்துக்கூட்டலில் வரும். ஒரு தலைமுறை நண்பர்களோடு தமிழில் எழுதிப் பழகியதே இந்த வழியில்தான். அதை மொழிச்சிதைவு என்று மட்டும் சொல்வது நியாயமல்ல. விசைப்பலகை கிடைத்ததும் பலர் தமிழெழுத்துக்குத் திரும்பினார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005இல் சிங்கப்பூரில் வெளிவந்து, கைப்பேசியில் தமிழில் எழுதி அனுப்ப வழி திறந்தது. பின்னர் பன்னாட்டுத் தரத்திலேயே தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு 7 பிட் அட்டவணைகள் சேர்க்கப்பட்டன. அட்டவணையைக் குறிப்பிட நான்கு பைட் போனாலும் 155 இடம் மிஞ்சும். அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் அட்டவணையை அறிந்திருக்க வேண்டும் என்பதே அதன் சிக்கல்.

குரல்செய்தி

வாய்ஸ்மெயிலுக்கு அமெரிக்கர் கோர்டன் மேத்யூஸ் 1979இல் காப்புரிமை கோரினார். அழைப்பை எடுக்காதபோது குரலைப் பதிவுசெய்யும் இந்த முறை மேலைநாடுகளில் வேரூன்றியது. இந்தியாவில் அதன் இடத்தைக் காசில்லாத மிஸ்டு கால் பிடித்துக்கொண்டது.

குரலைச் செய்தியாக அனுப்பத் தடையாக இருந்தது அதன் பருமன். கைப்பேசிப் பேச்சைச் சுருக்கும் ஏ.எம்.ஆர். முறையில் நொடிக்கு 12.2 கிலோபிட் வீதம் ஒரு நிமிடப் பேச்சு ஏறத்தாழ 92 கிலோபைட் ஆகும். அது 650 குறுஞ்செய்திகளின் கொள்ளளவு. ஆகவே இணைய இணைப்பு பரவும்வரை குரல்செய்தி காத்திருந்தது. சீனாவின் வீசாட் 2011இல் அதைத் தந்தது. வாட்ஸ்அப் 2013இல் பொத்தானை அழுத்திப் பேசி, விரலை எடுத்தால் போய்ச் சேரும் முறையைக் கொண்டுவந்தது.

இதனால் மிகுந்த பயன் கண்டவர்கள் எழுத்துக்கு வெளியே நின்றவர்கள். செயலிகளுக்கு முன்பே அதைக் காட்டியது சிஜிநெட் ஸ்வரா. பத்திரிகையாளர் சுப்ரான்ஷு சௌத்ரி 2010இல் சத்தீஸ்கரில் தொடங்கிய இச்சேவையில், சாதாரணக் கைப்பேசியில் அழைத்து, 1ஐ அழுத்தினால் செய்தி பதியலாம், 2ஐ அழுத்தினால் பிறர் பதிந்ததைக் கேட்கலாம். செய்தித்தாளில் இடம்பெறாத கோண்டி மொழி பேசுவோர் கூலி பாக்கியையும் பழுதான அடிகுழாயையும் தம் வாயாலேயே சொன்னார்கள். எழுத்தறிவு இல்லையென்றால் செய்தி சொல்லத் தகுதியில்லை என்ற நிலையை இது உடைத்தது. இத்துறையில் இதைவிடப் பெரிய சாதனை அரிது.

பாதுகாப்பும் குறைகளும்

குறுஞ்செய்தியை வழியிலுள்ள நிறுவனங்கள் படிக்க முடியும். 2017இல் ஜெர்மனியில் திருடர்கள் சமிக்ஞை வலையமைப்பின் ஓட்டையைப் பயன்படுத்தி வங்கிக் கடவு எண்களைத் திசைதிருப்பிப் பணம் எடுத்தனர். அப்படியிருந்தும் குறுஞ்செய்தி எல்லாக் கைப்பேசியிலும் இயங்குவதால் ஓ.டி.பி. எனப்படும் அக்கடவு எண் இன்றும் இவ்வழியே வருகிறது. வாட்ஸ்அப் 2016 முதல் எழுத்து, குரல் இரண்டையும் அனுப்புநரும் பெறுநரும் மட்டுமே திறக்கும்படி மறையாக்கம் செய்கிறது.

குரல்செய்தியின் பெருங்குறை, அதை மேலோட்டமாகப் பார்க்கவோ தேடி எடுக்கவோ முடியாதது. பேச்சை எழுத்தாக மாற்றிக் காட்டும் வசதியை வாட்ஸ்அப் 2024 நவம்பரில் அறிவித்தது. தொடக்கத்தில் அது ஏற்ற மொழிகளில் தமிழ் இடம்பெறவில்லை.