கப்பலேறிய எல்லை: அமெரிக்கத் துறைமுகங்களும் பிரித்தானியரின் பிரயாணப் பத்திரங்களும்

மியாமித் துறைமுகத்தினின்று புறப்படும் உல்லாசப் பிரயாணக் கப்பல்களிற் பல, சில நாட்கள் கரிபியன் தீவுகளைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட துறைக்கே மீளுகின்றன. அத்தகைய கப்பலொன்றில் அடுத்தடுத்த அறைகளிலே பயணஞ் செய்யும் அமெரிக்கர் ஒருவரையும் பிரித்தானியர் ஒருவரையும் எடுத்துக்கொள்வோம். அமெரிக்கருக்குப் பிறப்புச் சான்றிதழும், அரசாங்கம் வழங்கிய புகைப்பட அடையாள அட்டையுமே போதுமானவை. பிரித்தானியருக்கோ இலத்திரனியற் சில்லுப் பொருத்திய கடவுச்சீட்டு வேண்டும். அதற்கு மேலாக, அமெரிக்க அரசிடம் முன்கூட்டியே பெற்ற இலத்திரனியல் அனுமதியோ விசாவோ வேண்டும். இருவரும் கண்ட கடல் ஒன்றே. இறங்கும் துறையும் ஒன்றே. ஆயின், சட்டத்தின் கண்ணிலே முன்னவர் வீடு திரும்புகின்றார். பின்னவர் மீண்டும் ஓர் அந்நியராக வந்து சேருகின்றார்.

இவ்வேற்றுமை குடியுரிமையால் நேர்ந்தது என்று கூறி அமைதல் எளிது. எனினும், இப்பத்திரங்கள் தோன்றிய வரலாற்றினை ஆராயுமிடத்துப் பிறிதோர் உண்மை புலனாகின்றது. அமெரிக்க அரசு முதலிற் கட்டுப்படுத்தியது பிரயாணியையன்று, அவரை ஏற்றிவந்த கப்பலையே. எல்லையைக் காக்கும் வேலையிற் பெரும்பகுதி, சிறிது சிறிதாக, கப்பற் கம்பனியின் தலையிலே சுமத்தப்பட்டது. பிரயாணியின் கையிலுள்ள பத்திரம் அச்சுமையின் விளைவேயாகும்.

இதன் தொடக்கத்தை 1819ஆம் ஆண்டின் பிரயாணிகள் சட்டத்திலே காணலாம். கப்பலின் கொள்ளளவில் ஒவ்வோர் ஐந்து தொன்னுக்கும் இருவருக்கு மேற்பட்ட பிரயாணிகளை ஏற்றலாகாது என அச்சட்டம் விதித்தது. துறையை அடைந்ததும் பிரயாணிகளின் பெயர்ப் பட்டியலைச் சுங்க அதிகாரியிடம் ஒப்படைக்கும் கடமையையும் கப்பற் தலைவன்மீது சுமத்தியது. 1882இல், அந்நியர் ஒவ்வொருவருக்கும் 50 சதம் வீதம் தலைவரி விதிக்கப்பட்டது. 1891ஆம் ஆண்டுச் சட்டம், ஏற்க மறுக்கப்பட்டவர்களைக் கம்பனி தன் செலவிலேயே திருப்பிக் கொண்டுசெல்ல வேண்டும் என்றது. 1893ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கப்பல் புறப்படுமுன்னரே ஒவ்வொரு பிரயாணியிடமும் நீண்டதொரு வினாக்கொத்துக் கேட்கப்படலாயிற்று. வயது, தொழில், எழுத்தறிவு, கையிலுள்ள பணம், பயணச் செலவைக் கொடுத்தவர் யார், சிறையில் இருந்ததுண்டா, பலதார மணம் புரிந்தவரா என்றெல்லாம் விசாரித்து எழுதியவர்கள் கப்பற் கம்பனியின் ஊழியர்களே. நியூயோர்க்கிலும் வகுப்பு வேற்றுமை தொடர்ந்தது. முதலாம், இரண்டாம் வகுப்பினர் கப்பலிலேயே பரிசோதிக்கப்பட்டு இறங்கினர். அடித்தட்டு வகுப்பினரே 1892இல் திறக்கப்பட்ட எல்லிஸ் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

இத்துணைக் கேள்விகளுக்கிடையிலும் கடவுச்சீட்டு என்ற ஒன்று கேட்கப்படவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. 1912 ஏப்ரல் 10ஆந் திகதி சவுதாம்டனிலே 'டைட்டானிக்' கப்பலில் ஏறிய பிரித்தானியர், நியூயோர்க்கில் இறங்குவதற்குக் கடவுச்சீட்டுக் கொண்டிருக்க வேண்டியதில்லை.

முதலாம் உலகப் போர் இந்நிலையை மாற்றியது. பிரித்தானியாவில் 1915ஆம் ஆண்டு முதல் புகைப்படம் ஒட்டிய கடவுச்சீட்டு வழக்கிற்கு வந்தது. எட்டாக மடித்து மட்டையுள் வைக்கப்பட்ட ஒற்றைத் தாள் அது. நெற்றி எத்தகையது, மூக்கு எத்தகையது, முகத்தின் வடிவம் யாது என்ற விபரங்களும் அதிலே எழுதப்பட்டன. தம் மூக்கினை அரசாங்கத் தாளிலே வருணிக்க நேர்ந்தமை அக்காலத்துக் கனவான்கள் பலருக்கு அவமானமாகவே தோன்றிற்று. அமெரிக்கா 1917இல் அந்நியர் அனைவரும் கடவுச்சீட்டும் விசாவும் கொண்டு வரவேண்டும் எனக் கட்டளையிட்டது. 1918இல் அதனைச் சட்டத்தால் உறுதி செய்தது. போர்க்கால ஏற்பாடுகளாக வந்தவை போரின் பின்னரும் போகவில்லை. 1920இல் பாரிஸ் நகரிலே சர்வதேச சங்கத்தின் ஆதரவிற் கூடிய மாநாடு கடவுச்சீட்டின் வடிவத்தை ஒழுங்குபடுத்தியது. பிரித்தானியரின் கருநீலப் புத்தகம் அதன் பயனாய்ப் பிறந்ததே.

1921ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் கப்பற் கம்பனிகளை வேடிக்கையானதொரு நிலைக்குத் தள்ளியது. ஒவ்வொரு நாட்டுக்கும் விதிக்கப்பட்ட ஆண்டுத் தொகையில் ஒரு மாதத்துக்கு 20 வீதம் வரையே அனுமதிக்கப்பட்டமையால், மாதத்தின் முதல் நாள் பிறக்கும் நள்ளிரவிலே நியூயோர்க் துறைமுக வாயிலைக் கடப்பதற்குக் கப்பல்கள் ஒன்றையொன்று முந்தி விரைந்தன. சில நிமிடம் பிந்திய கப்பலின் பிரயாணிகள் வந்த வழியே திரும்பவும் நேரிடலாம். இதற்குத் தீர்வாக வந்த 1924ஆம் ஆண்டுச் சட்டம், தெரிவு செய்யும் இடத்தையே மாற்றிற்று. குடியேற விரும்புபவர் தம் நாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரக அதிகாரியிடம் முன்னரே விசாப் பெறவேண்டும். அஃதில்லாதவரை ஏற்றிவரும் கம்பனி, ஆள் ஒருவருக்கு 1,000 டொலர் தண்டம் செலுத்துவதோடு பயணக் கட்டணத்துக்கு ஈடான தொகையையும் கொடுக்க வேண்டும். இதன்பின், அயல்நாட்டுத் துறையிலே சீட்டு விற்கும் எழுதுவினைஞர் விசாவைப் பாராது சீட்டு விற்கத் துணிவாரா?

அக்காலத்திலே 'பிரித்தானியப் பிரசை' என்ற சொல் எவ்வளவு தூரம் செல்லுபடியாயிற்று என்பதையும் நாம் சிந்தித்தல் தகும். 1929ஆம் ஆண்டு முதல் பிரித்தானியாவுக்கும் வட அயர்லாந்துக்கும் ஒதுக்கப்பட்ட ஆண்டுப் பங்கு 65,721. எந்த நாட்டுக்கும் அதனை விஞ்சிய பங்கு கிடைக்கவில்லை. அதே முடியின் பிரசைகளாயிருந்த இலங்கையரும் இந்தியரும் அப்பங்கிலே சேர்க்கப்படவில்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டம் அகலக்கோடு, நெடுங்கோடு கொண்டு வரையறுத்த ஆசிய விலக்கு வலயத்துள் இலங்கை அடங்கிற்று. மாணவர், உல்லாசப் பிரயாணிகள் போன்றோருக்கே விதிவிலக்கு இருந்தது. முடி ஒன்றாயினும் கதவு ஒன்றாயிருக்கவில்லை.

இனி உல்லாசக் கப்பலுக்கு வருவோம். 1886ஆம் ஆண்டுச் சட்டமொன்று, அந்நியக் கொடியுடைய கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே பிரயாணிகளை ஏற்றிச் செல்வதைத் தடுத்தது. அந்நியப் போட்டியினின்று உள்நாட்டுக் கப்பற்றொழிலைக் காப்பதே அதன் நோக்கம். அச்சட்டத்தின் நிழலிலேயே இன்றும், அமெரிக்காவிலிருந்து புறப்படும் பெரும்பாலான உல்லாசக் கப்பல்கள் அந்நியத் துறையொன்றையேனும் தொட்டு மீளுகின்றன. அலாஸ்காவுக்குச் செல்லும் கப்பல் கனடாவின் விக்டோரியாவிலும், கலிபோர்னியக் கப்பல் மெக்சிக்கோவின் என்செனாடாவிலும் நிற்பதற்கு அவ்விடங்களின் அழகு மட்டுமே காரணமன்று. அவ்வாறு அந்நிய மண்ணைத் தொட்டவுடன், திரும்பி வருதல் 'வருகை' ஆகிவிடுகின்றது, பத்திரம் அவசியமாகிவிடுகின்றது. மதுவிலக்கு நிலவிய 1920–1933 காலத்திலே, குடிப்பதற்கென்றே நியூயோர்க்கிலிருந்து அந்நியக் கப்பல்களிற் குறும்பயணம் போனோர் பலர். மியாமியை மையமாகக் கொண்ட இற்றைக் கரிபியன் தொழிலோ, நோர்வேயரின் 'சன்வார்ட்' கப்பல் 1966இல் அங்கு சேவை தொடங்கியதன் பின்னரே வேரூன்றியது.

இப்பயணங்களுக்குப் பிரித்தானியர் விசாவின்றி வரும் வழியை 1986ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சீர்திருத்தச் சட்டம் திறந்தது. 1988 யூலை 1ஆந் திகதி விசா விலக்குத் திட்டத்திலே சேர்ந்த முதல் நாடு ஐக்கிய இராச்சியமே. 90 நாட்கள் வரை தங்கலாம். ஆயின் அமெரிக்க அரசுடன் ஒப்பந்தஞ் செய்த கம்பனியின் கப்பலிலோ விமானத்திலோ வரவேண்டும். கரிபியன் தீவுகளுக்குச் சென்று மீண்டவருக்குப் பொதுவாகப் புதிய 90 நாட்கள் கிடைப்பதில்லை. எஞ்சிய நாட்களே கிடைக்கும். மேலும், ஐக்கிய இராச்சியத்தில் நிரந்தரமாக வாழும் உரிமையுடைய பிரித்தானியக் குடிமக்களுக்கே இச்சலுகை உரியது. 1981ஆம் ஆண்டுத் தேசியச் சட்டம் வகுத்த 'கடல்கடந்த குடிமக்கள்' போன்ற ஏனைய பிரிவினர், கடவுச்சீட்டின் அட்டையிலே அதே முடிச்சின்னம் பொறித்திருந்தும், விசாவுக்கு விண்ணப்பித்தே தீரவேண்டும்.

இவ்விடத்தில் மூன்று ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தல் பொருத்தமானது. 1985 மே மாதத்திலே பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின்மீது அவ்வாறு விதித்தது அதுவே முதன்முறை. 1987 பெப்ரவரியிலே அடைக்கலந் தேடி ஹீத்ரோ விமான நிலையத்தை அடைந்த இலங்கைத் தமிழர் சிலர், தம்மைத் திருப்பியனுப்ப முற்பட்டபோது உடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். அதனையடுத்து அவ்வாண்டிலேயே, உரிய பத்திரமில்லாதவரை ஏற்றிவரும் கப்பல், விமானக் கம்பனிகளுக்கு ஆள் ஒருவருக்கு 1,000 பவுண் தண்டம் விதிக்கும் சட்டம் நிறைவேறியது. 1924இல் அமெரிக்கா கையாண்ட உபாயமே அது. தொகையின் எண்கூட அதுவே. மறு ஆண்டிலே பிரித்தானியருக்கு அமெரிக்கக் கதவு விசாவின்றித் திறந்தது.

2001 செப்டெம்பர் 11இன் பின்னர் அக்கதவும் ஒடுங்கியது. 2009 ஜனவரி 12 முதல், விசா விலக்குப் பெறும் பிரயாணி புறப்படுமுன்னரே எஸ்ரா எனப்படும் இலத்திரனியல் அனுமதியைப் பெறுதல் கட்டாயமாயிற்று. 2010இல் 14 டொலராயிருந்த கட்டணம் 2022இல் 21 ஆகவும், 2025 செப்டெம்பர் 30 முதல் 40 ஆகவும் உயர்ந்தது. 2016 ஏப்ரல் முதல் சில்லுப் பொருத்திய கடவுச்சீட்டு இன்றியமையாததாயிற்று. அமெரிக்கருக்குப் பிறப்புச் சான்றிதழ்ச் சலுகையை வழங்கும் விதியோ 2009 யூன் 1இல் நடைமுறைக்கு வந்தது. அது புறப்பட்ட துறைக்கே மீளும் பயணங்களுக்கு மாத்திரம் உரியது.

பழைய கடற்பாதைகளும் இன்று சிக்கலாகின்றன. புளோரிடாவுக்கு 90 மைல் தெற்கேயுள்ள கியூபாவுக்கு, 'அடோனியா' என்னும் கப்பல் 2016 மே மாதத்தில் மியாமியிலிருந்து சென்றது. பல தசாப்தங்களின் பின்னர் நிகழ்ந்த முதற் பயணமாக அது போற்றப்பட்டது. 2019 யூனில் அமெரிக்க அரசு அத்தகைய பயணங்களைத் தடைசெய்தது. 2021 ஜனவரி 12ஆந் திகதி பயங்கரவாதத்துக்கு ஆதரவளிக்கும் நாடுகளின் பட்டியலிற் கியூபா மீண்டுஞ் சேர்க்கப்பட்டது. அதன் விளைவாக, அத்திகதிக்குப் பின் ஐரோப்பியக் கப்பலொன்றில் ஹவானாவிலே ஒரு பகற்பொழுது இறங்கி உலாவிய பிரித்தானியர், மியாமியிலே கப்பலேற விரும்பினால் எஸ்ரா அனுமதியை நம்பியிருக்க இயலாது. இலண்டனிலுள்ள அமெரிக்கத் தூதரகத்திலோ பெல்பாஸ்ற் துணைத்தூதரகத்திலோ விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருத்தல் வேண்டும். அஃதின்றி வந்தவரைக் கப்பற் கம்பனி ஏற்றாது.