கொடையின் வாசல்: இந்திய யூத சமூகங்களின் அறமரபு

ஒரு சமூகம் தன் மக்களுக்காகத் திரட்டிய பொருள் எத்தனை தலைமுறைக்கு நிலைக்கும்? அந்தச் சமூகமே சுருங்கி, பெரும்பகுதி கடல் கடந்து போய்விட்டால் அப்பொருள் என்னவாகும்? அறக்கட்டளை நடத்தும் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை. விடை தேடுவோருக்கு இந்திய யூதர்களின் வரலாறு நல்ல பாடம். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 26,000 பேராக இருந்த அவர்கள், இஸ்ரேலுக்கும் பிற நாடுகளுக்கும் குடிபெயர்ந்ததால் இன்று சில ஆயிரம் பேராகக் குறைந்துவிட்டனர். அவர்கள் நிறுவிய பள்ளிகளும் மருத்துவமனையும் நூலகமும் மட்டும் இன்றும் இயங்குகின்றன.

புதுவையும் சென்னையும்

புதுச்சேரி மண்ணில் யூத சமூகம் வேரூன்றி வாழ்ந்ததில்லை. எனினும் இந்நகரத்தின் அண்மை வரலாற்றில் யூதக் குடிவழி ஒன்று கலந்திருக்கிறது. 1878-இல் பாரிசில் பிறந்து, 1914-இல் முதன்முறை புதுவைக்கு வந்து, 1920 முதல் இங்கேயே தங்கிவிட்ட ஸ்ரீ அன்னை மிர்ரா அல்ஃபாசாவின் தந்தை துருக்கியிலிருந்தும் தாய் எகிப்திலிருந்தும் வந்த யூதக் குடும்பத்தினர். அன்னை யூத சமயநெறியில் வாழ்ந்தவர் அல்லர். ஆகவே யூதர்களின் கொடை மரபை அறிய நாம் புதுவைக்கு வெளியேதான் செல்ல வேண்டும்.

அருகிலிருக்கும் சென்னையில் 17ஆம் நூற்றாண்டில் யூத வணிகர்கள் செல்வாக்கோடு வாழ்ந்தனர். ஐரோப்பாவிலிருந்து பவழமும் வெள்ளியும் கொண்டுவந்து கோல்கொண்டா வைரத்தை வாங்கிச் சென்றவர்கள் அவர்கள். 1688-இல் சென்னை மாநகராட்சி அமைந்தபோது அதன் ஆல்டர்மேன்களில் யூதர்களுக்கும் இடமிருந்தது. பவழக்காரத் தெரு இன்றும் அப்பெயரோடு இருக்கிறது. ஆனால் அந்த வணிகர்களின் நினைவாக இந்நாளில் எஞ்சியிருப்பவை சில கல்லறைக் கற்களே. வணிகம் இடம் பெயர்ந்தபோது செல்வமும் உடன் பெயர்ந்தது.

கடமையாகிய கொடை

யூத சமயம் ஈகையை மனம் கனிந்தபோது செய்யும் உதவியாகக் கருதுவதில்லை. தவறாது செலுத்த வேண்டிய கடனாகவே விதிக்கிறது. அறுவடையின்போது வயலின் ஓரக் கதிர்களை ஏழைக்கு விட்டுவைக்க வேண்டும் என்பது தோராவின் கட்டளை. 12ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாத கொடைக்கு அவர் இரண்டாம் இடமே தந்தார். கடனோ வேலையோ தொழிற்கூட்டோ தந்து, ஒருவர் மறுபடி பிறர் கையை எதிர்பாராமல் வாழச் செய்வதே அவர் கண்ட முதற்படி.

பாக்தாதிலிருந்து 1832-இல் பம்பாய் வந்த டேவிட் சசூனின் வணிக நிறுவனம், தன் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் நூற்றுக்குக் கால் பங்கை அறத்துக்கென ஒதுக்கியது. தமிழ் வணிகர்களுக்கு இது புதிதன்று. நம் மகமையும் இதுவே. விருதுநகர் நாடார்கள் மகமையாலும் வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடியரிசியாலும் வளர்த்த சத்திரிய வித்தியாசாலையில்தான் காமராஜர் படித்தார். எல்லாச் சமூகப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்த பள்ளி அது. சிறு துளிகளைத் தவறாமல் சேர்ப்பதும், சேர்ந்ததைக் கல்வியில் இடுவதும் இவ்விரு மரபுக்கும் பொது.

பம்பாயும் புனேயும்

சசூன் குடும்பத்தின் கொடைகள் முதலில் தம் மக்களின் தேவைகளையே நோக்கின. பைகுல்லாவில் மேகன் டேவிட் ஜெப ஆலயத்தையும் புனேயில் ஓஹெல் டேவிட் ஜெப ஆலயத்தையும் டேவிட் சசூன் எழுப்பினார். புனே மக்கள் செங்கல் நிறம் கண்டு பின்னதை ‘லால் தேவல்’ என்றே அழைக்கின்றனர். ஆனால் அவர் கை அத்தோடு நிற்கவில்லை. அவருடைய பெருங்கொடையால் எழுந்த சசூன் மருத்துவமனை 1867 முதல் சாதி சமயம் பாராமல் நோயாளிகளை ஏற்று, இன்று புனேயின் பெரிய அரசு மருத்துவமனையாக விளங்குகிறது. மும்பைக் காலா கோடாவில் டேவிட் சசூன் நூலகம் இன்றும் வாசகர்களை வரவேற்கிறது.

கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த பெனே இஸ்ரவேலர் என்னும் யூதருக்கு இத்தகைய செல்வம் இல்லை. ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் 1875-இல் அவர்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் ஹாங்காங், ஷாங்காய் வணிகர் எல்லி கதூரி அளித்த நன்கொடை அதை நிலைநிறுத்தியது. பள்ளி அவர் பெயரையே ஏற்றது. உள்ளூரார் நட்ட கன்றுக்குத் தொலைவிலிருந்து நீர் வந்தது.

1934-இல் பம்பாயில் தோன்றிய யூத நிவாரணச் சங்கம் ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி வந்தவர்களுக்கு வேலையும் தங்குமிடமும் தேடித் தந்தது. அகதிகள் அரசுக்குப் பாரமாக மாட்டார்கள் என்று அது உறுதி கூறியதால் பலருக்கு நுழைவு அனுமதி கிடைத்தது. ஒரு சங்கத்தின் நன்கொடைப் பெட்டி உயிர்களைக் காத்தது என்று சொன்னால் மிகையாகாது. 1914-இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘ஜாயின்ட்’ நிவாரண அமைப்பு 1964 முதல் மும்பையில் முதியோர் நலம், இளையோர் கல்வி ஆகிய பணிகளுக்குத் துணை நிற்கிறது.

சுவர்களும் வாசல்களும்

இம்மரபைப் போற்றும்போது அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். 1830-களில் பாக்தாத் யூதர்கள் பம்பாய்க் கல்லறைத் தோட்டத்தில் தமக்கும் பெனே இஸ்ரவேலருக்கும் நடுவே சுவர் வேண்டுமென அரசிடம் விண்ணப்பித்தனர். கொச்சி பரதேசி ஜெப ஆலயத்தில் விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர் சம இருக்கை இன்றி ஒதுக்கப்பட்டனர். அதே குடிவழியில் வந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் அங்கே சத்தியாகிரகம் செய்து அந்த வழக்கத்தை எதிர்த்தார். சாதிக்கொரு வாசல் வைத்திருந்த தமிழ்நாட்டுக்கு இந்தப் போராட்டத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை. சுவர் எழுப்பிய இடத்தில் ஒரு சிறிய சமூகம் மேலும் சிறியதானது.

வாசல் திறந்த இடத்தில் நடந்தது வேறு. கொல்கத்தாவில் 1881-இல் யூதச் சிறுமிகளுக்காகத் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளியில் இன்று படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் மாணவியர். அங்குள்ள ஜெப ஆலயங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பராமரிப்பவர்களும் முஸ்லிம்களே. மும்பையில் 1884-இல் கட்டிய கெனேசெத் எலியாஹூ ஜெப ஆலயத்தின் புதுப்பிப்புக்கு ஜே.எஸ்.டபிள்யூ. அறக்கட்டளை உள்ளிட்டோர் பொருள் தந்தனர். 2019-இல் வேலை நிறைவேறியது. கேரளத்தில் பரவூர், சேந்தமங்கலம் ஜெப ஆலயங்கள் அரசு உதவியால் புதுப்பொலிவு பெற்றன.

இந்தக் கொடுக்கல் வாங்கலின் தொடக்கமும் ஒரு கொடையே. கி.பி. 1000 அளவில் சேர அரசர் பாஸ்கர ரவிவர்மர், யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு வட்டெழுத்துச் செப்பேட்டில் 72 உரிமைகளை அளித்தார். பரதேசி ஜெப ஆலயம் 1568-இல் எழுந்தது கொச்சி அரண்மனைக் கோயிலை அடுத்த நிலத்தில்தான். இந்த மண் அவர்களுக்கு இடம் கொடுத்தது. அவர்கள் பள்ளியும் மருத்துவமனையும் கொடுத்தார்கள்.

நமக்குரிய பாடம்

பொருளின் அளவு மட்டும் ஓர் அறத்தின் ஆயுளைத் தீர்மானிப்பதில்லை. சென்னை வைர வணிகர்களும் செல்வர்களே. பம்பாய் வணிகர்களும் செல்வர்களே. ஊரோடு கலந்த நிறுவனங்களில் இட்ட பொருளே காலத்தை வென்றது. புதுவையிலும் ஒரு செட்டியார் குடும்பத்தின் பெயரைத் தாங்கி மிஷன் வீதியில் கலவைக் கல்லூரி நிற்கிறது. கொடை கல்வியாக மாறும்போது அது ஊர்ச்சொத்தாகிவிடும் என்பதற்கு அதுவும் சான்று.

எனவே இன்று நம் நகரில் அறக்கட்டளை எழுதுவோர் மூன்றைக் கருத வேண்டும். தம் சமூகத்தின் தேவையை முதலில் நிறைவேற்றுவது முறையே. ஆயினும் ஆவணத்தில் பிறருக்கும் இடம் இருக்கட்டும். அறங்காவலர்களைக் குடும்பத்துக்குள் மட்டும் தேடாமல் ஊரிலிருந்தும் சேர்க்கட்டும். கணக்கு ஆண்டுதோறும் எல்லோரும் காணும்படி இருக்கட்டும். கொடுத்தவரின் வழித்தோன்றல் ஒருவர்கூட ஊரில் இல்லாத நாளிலும் அந்த அறத்தை ஊரார் தமதென்று எடுத்து நடத்த இவை வழிசெய்யும்.